ஒரே கையெழுத்து, அதன் விலை பதவி!



மே தினம் என்றதும் சிக்காகோ நினைவுக்கு வரும். 1923-ஆம் ஆண்டில் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றிய நாள் தொட்டு, அந்நகரில் தூக்குமேடை ஏறிய நால்வரை நாம் மறந்ததில்லை. ஆனால், அவர்களுக்கு வழங்கப்பட்டது நீதியல்ல என்று அதே மாநிலத்தின் கவர்னர் நாற்காலியில் அமர்ந்து எழுதி, கையெழுத்திட்டு, அதற்கு விலையாகத் தன் பதவியையே கொடுத்தாரே ஒருவர், அவரை எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட்.

1847-இல் ஜெர்மனியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றனர். ஓஹியோ மாநிலத்து வயற்காட்டில் வறுமையோடு வளர்ந்தார். பதினாறு வயதில், அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரில் வடவர் படையில் சேர்ந்தார். காய்ச்சல் கண்டு சாவின் வாசல்வரை சென்று மீண்டார். பிறகு ஆசிரியர் வேலை; ரயில் பாதை போடும் கூலி வேலை; ஊர் ஊராக நடை. தாமே படித்து வக்கீலாகி, மிசௌரி மாநிலத்தில் அரசு வழக்கறிஞராகவும் இருந்துவிட்டு, 1875-இல் சொற்பப் பணத்தோடு சிக்காகோ வந்து சேர்ந்தார். அங்கே நிலமும் கட்டடமுமாகப் பெரும் பொருள் ஈட்டினார்.

பணம் வந்ததும் பழையதை மறப்பது பலர் இயல்பு. ஆல்ட்கெல்ட் மறக்கவில்லை. 1884-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நமது தண்டனை இயந்திரமும் அதற்குப் பலியானோரும் என்பது அதன் தலைப்பு.

அந்நூல் சொன்னது என்ன? சிறைக்குள் இருப்போர் பெரும்பாலோர் ஏழைகள், வீடற்றவர், ஆதரவற்ற இளைஞர். சிறு குற்றத்துக்கு அபராதம் விதிக்கிறார்கள். கட்டப் பணம் உள்ளவன் வீட்டுக்குப் போகிறான். இல்லாதவன் சிறைக்குப் போகிறான். அப்படியானால் அவன் சிறையிருப்பது செய்த குற்றத்துக்கா, மடியில் காசில்லாத குற்றத்துக்கா? முதன்முதலில் தவறிய சிறுவனைக் கைதேர்ந்த திருடனோடு ஒரே கொட்டடியில் பூட்டுகிறார்கள். உள்ளே போனவன் சிறுவன். வெளியே வருபவன் குற்றவாளி. குற்றத்தை ஒழிக்கக் கட்டிய இயந்திரம் குற்றவாளிகளை உற்பத்தி செய்கிறது! சிறையில் உழைப்பவனுக்குக் கூலி கொடு, அவன் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டாம் என்றும் அந்நூல் வாதாடியது.

ஆல்ட்கெல்ட் இதை எழுதி அலமாரியில் வைக்கவில்லை. சட்டசபை உறுப்பினர்களுக்கும் நீதிபதிகளுக்கும் பிரதிகளை அனுப்பினார். ஓஹியோவில் ஒரு சிற்றூரில் வக்கீல் தொழில் பார்த்துவந்த இளைஞர் ஒருவர் கையிலும் அது கிடைத்தது. படித்தவர் சிக்காகோவுக்கே வந்துவிட்டார். அவர்தான் பின்னாளில் தொழிலாளர் வழக்குகளில் புகழ்பெற்ற கிளாரன்ஸ் டாரோ!

1886 மே 4. எட்டு மணி நேர வேலை கேட்ட கிளர்ச்சியின்போது, சிக்காகோ வைக்கோற் சந்தைச் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. போலீசாரும் பொதுமக்களும் மாண்டனர். எறிந்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. எட்டுப் பேரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினார்கள். ஏழு பேருக்குத் தூக்கு, ஒருவருக்குப் பதினைந்தாண்டுச் சிறை! 1887 நவம்பர் 11-இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். முந்திய நாள் ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். இருவருக்குத் தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. ஆக, மூவர் சிறையில் எஞ்சினர்.

1892 தேர்தலில் ஆல்ட்கெல்ட் இல்லினாய் மாநிலக் கவர்னரானார். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டால் வருபவர்; மாநில நிர்வாகம் அவர் கையில். அந்த மூவரை விடுதலை செய்யுங்கள் என்று முறையிட்டவர்களில் நகரத்துச் செல்வர்களும் இருந்தனர். கருணை காட்டி விடுவிக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். செல்வர்களும் போற்றியிருப்பர், பதவியும் நிலைத்திருக்கும்.

அவரோ வழக்குக் கட்டுகளை எல்லாம் வரவழைத்துப் படித்தார். 1893 ஜூன் 26-இல் கையெழுத்திட்டார். கருணை என்று எழுதவில்லை, தோழர்களே. நீதி என்று எழுதினார்! ஜூரிகளைப் பொறுக்கி எடுத்தார்கள், அவர்கள் முன்கூட்டியே முடிவு கட்டியவர்கள், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, நீதிபதி நடுநிலை தவறினார் என்று விரிவாக எடுத்துக்காட்டினார். அது தூக்கிலிடப்பட்டவர்களின் கல்லறை மேலும் விழுந்த வெளிச்சம்!

விடுவார்களா? பத்திரிகைகள் பாய்ந்தன. அராஜகவாதி என்றார்கள், அந்நியநாட்டான் என்றார்கள். கொடும்பாவி கட்டிக் கொளுத்தினார்கள். அவர் அசையவில்லை.

அதே 1893-இல் சட்டசபைக் கமிட்டி ஒன்று சிக்காகோவின் தையற் கூடங்களை ஆராயப் புறப்பட்டது. கமிட்டி என்றால் மேஜையைச் சுற்றி அமர்ந்து தேநீர் அருந்திக் கலைவதுதானே வழக்கம்! பிளாரன்ஸ் கெல்லி என்ற வீராங்கனை அவர்களை இருண்ட மாடிப்படிகளில் ஏற்றி, நெரிசல் அறைகளில் குழந்தைகள் ஊசி பிடித்துக் கண் கெடுவதைக் காட்டினார். கண்டபின் மறுக்க முடியுமா? பதினான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தொழிற்சாலை வேலை கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சட்டம் வந்தது. ஆல்ட்கெல்ட் கையெழுத்திட்டு, கெல்லியையே தலைமை ஆய்வாளராக அமர்த்தினார். 1895-இல் முதலாளிகள் வழக்காடி, எட்டு மணி நேரப் பகுதியை நீதிமன்றத்தில் ஒழித்தனர் என்பது வேதனை.

1894-இல் புல்மன் ரயில் வேலைநிறுத்தம். ஜனாதிபதி கிளீவ்லண்ட், மாநிலத்தைக் கேளாமலே பட்டாளத்தை அனுப்பினார். தம் கட்சிக்காரர்தான் ஜனாதிபதி. ஆயினும் ஆல்ட்கெல்ட் தந்தி மேல் தந்தி அடித்துக் கண்டித்தார்.

1896 தேர்தலில் தோல்வி. பதவி போயிற்று. கட்டிய செல்வமும் கைவிட்டுப் போயிற்று. கடைசியில் டாரோவின் அலுவலகத்தில் வக்கீலாக உட்கார்ந்து பிழைத்தார். 1902 மார்ச் மாதம், போயர் மக்களுக்காக ஒரு கூட்டத்தில் முழங்கிவிட்டுச் சாய்ந்தார், மறுநாள் மறைந்தார். அவர் உடலைக் காணச் சிக்காகோவின் உழைப்பாளிகள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

தோற்றாரா ஆல்ட்கெல்ட்? 1899-இல், அவர் பதவியில் இல்லாதபோது, அதே இல்லினாய் சட்டசபை சிறுவர் நீதிமன்றச் சட்டம் செய்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் சிறையில் அடைக்கலாகாது என்றது. உலகம் பின்பற்றிய சட்டம் அது! பல பெண்மணிகளும் வழக்கறிஞர்களும் பாடுபட்டுக் கொண்டுவந்தது; எனினும் பதினைந்தாண்டு முன்பே அந்த நிலத்தை உழுதவர்களில் அவரும் ஒருவர். 2011-இல் அம்மாநிலம் தூக்குத் தண்டனையை ஒழித்தது. 2023 செப்டம்பரில் பணம் கட்டி ஜாமீன் பெறும் முறையையே அறவே நீக்கியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். மடியில் காசில்லாததற்காகப் பூட்டாதே என்ற குரல் சட்டமாக மாற ஏறக்குறைய நூற்று நாற்பதாண்டுகள்!

ஆகவே, தோழர்களே, சட்டம் திருத்தக் கமிட்டி என்று எங்கே செய்தி வந்தாலும் ஒன்றைக் கேளுங்கள். அக்கமிட்டி சிறைக்குள் சென்று பார்த்ததா? உள்ளே இருப்பவன் செய்தது என்ன, கட்ட முடியாமற்போன தொகை எவ்வளவு, அவன் பிள்ளை இன்று எங்கே என்று கேட்டதா? கேட்காத கமிட்டியின் அறிக்கை காகிதம். கேட்டதை எழுதிக் கையெழுத்திட ஒரு மனிதன் வேண்டும். நாற்காலி போனாலும் போகட்டும் என்னும் நெஞ்சுரம் அவனுக்கு வேண்டும்.

நாற்காலியைக் காத்துக்கொண்ட கவர்னர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் நமக்கு எதற்கு?