மணலில் எழுதிப் படித்த மிஷனரி



இந்த மாதம் ஒரு பழைய பக்தனுடைய ஜீவிய சரித்திரத்தை எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவினார். அதற்கு முன்னால் என் குறை ஒன்றை உங்கள் முன் அறிக்கை செய்துவிடுகிறேன்.

நம்ம ரஞ்சன்குடி பக்கத்துக் கல்குவாரிகளில் ஒடிசாவிலிருந்து வந்த வாலிபப் பிள்ளைகள் வேலை செய்கிறது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் ராத்திரி, உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போனபிறகு, அவர்களில் ஒரு தம்பி ஜெபவீட்டு வாசலில் வந்து நின்றான். கண்ணீரோடு ஏதோ சொன்னான். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அவன் தலைமேல் கைவைத்து அந்நியபாஷையில் ஜெபித்தேன். ஆமென் சொல்லி நிமிர்ந்தான். மறுபடியும் அதையே சொன்னான். மறுபடியும் ஜெபித்தேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஊரில் அவனுடைய தகப்பனார் இறந்துபோயிருக்கிறார். அந்த ராத்திரியே ரயிலைப் பிடிக்க, அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறான். என் பைக் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது, பிரியமானவர்களே! அவன் ஊர் போய்ச் சேரும்போது தகப்பன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தத் தம்பி திரும்பி வேலைக்கு வரவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஒரே பாரம். ஒடியா படிக்கவேண்டும் என்று சபையில் சொன்னேன். சிலர், இந்த வயதில் எங்கே மண்டையில் ஏறும் பாஸ்டர் என்றார்கள். வேறு சிலர், ஆவியின் அபிஷேகம் பெற்ற நமக்குப் புத்தகம் எதுக்கு, கேட்டால் கர்த்தர் பாஷையை நாவிலேயே வைப்பாரே என்றார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் தேடினபோதுதான் கர்த்தர் எனக்கு சீகன்பால்க் ஐயரை ஞாபகப்படுத்தினார்.

தரங்கம்பாடியில் இறங்கின வியாதிக்கார வாலிபன்

பர்த்தலோமேயு சீகன்பால்க் 1682-ல் ஜெர்மனி தேசத்தில் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தார். சரீரம் எப்போதும் பலவீனம். ஹாலே பட்டணத்தில் வேதசாஸ்திரம் படிக்கப் போனவர் வியாதியினாலே படிப்பை முடிக்க முடியவில்லை. அப்பேர்ப்பட்டவரைத்தான் கர்த்தர் தெரிந்துகொண்டார். டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக், தன் ஆளுகைக்குள் இருந்த தரங்கம்பாடிக்கு ஊழியர்களை அனுப்ப ஆள் தேடினபோது, சீகன்பால்க்கும் அவருடைய நண்பர் புளுட்சோவும் முன்வந்தார்கள். 1705 நவம்பரில் கப்பல் ஏறினவர்கள் 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். அப்போது சீகன்பால்க்குக்கு வயது ஏறக்குறைய 24.

வரவேற்க ஒருவரும் இல்லை. டேனிஷ் கோட்டையின் கவர்னருக்கு இவர்களைக் கண்டாலே பிடிக்கவில்லை. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. கையில் அகராதி இல்லை, பாடப்புத்தகம் இல்லை. அழைத்த தேவன் பாஷையை மூட்டைகட்டிக் கையில் கொடுத்து அனுப்பவில்லை, பாருங்க!

பிள்ளைகளோடு தரையில்

அவர் என்ன செய்தார்? வயதான ஒரு தமிழ் வாத்தியாரைக் கெஞ்சிக் கேட்டு, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கே வரவழைத்தார். சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுத, அவர்கள் பக்கத்தில் ஐரோப்பியப் பட்டணத்தில் படித்த இந்தப் போதகரும் உட்கார்ந்து எழுதினார். ராஜா அனுப்பின மனுஷன் என்ற பெருமை அந்த மணலிலே செத்தது.

ஆனால் ஒரு சிக்கல். வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. அப்போது அழகப்பன் என்ற தமிழர் கிடைத்தார். அவர் போர்ச்சுகீசு, டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் அறிந்தவர். அவர் மூலமாய் அர்த்தம் திறந்தது. எட்டு மாதத்துக்குள் ஐயர் தமிழில் பேச ஆரம்பித்தார். 1707 ஆகஸ்டில் தரங்கம்பாடியில் சிறிய ஆலயம் பிரதிஷ்டையானபோது தமிழிலும் பிரசங்கம் நடந்தது. வந்து பதின்மூன்றே மாதம்!

அவருடைய ஒருநாள்

அவர் ஐரோப்பாவுக்கு எழுதின கடிதத்தில் தாம் படித்த விதத்தை விவரமாய்ச் சொல்லியிருக்கிறார். இதை நீங்கள் கவனித்து வாசிக்கவேண்டும்.

காலை ஏழு மணி முதல் எட்டு வரை, முன்னமே எழுதிவைத்த வார்த்தைகளையும் சொற்றொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை, இதுவரை படிக்காத தமிழ் ஏட்டை வாசிப்பார். ஒரு பக்கம் வயதான புலவர், மறுபக்கம் எழுத்தர். புது வார்த்தை வந்தவுடனே எழுத்தர் குறித்துக்கொள்ளவேண்டும். புலவர் அதைச் சாதாரணப் பேச்சில் விளக்கவேண்டும். சாப்பிடும்போதுகூட ஒருவர் வாசிக்க இவர் கேட்பார். மத்தியானம் மூன்று முதல் ஐந்து வரை மறுபடியும் வாசிப்பு. ராத்திரி ஏழு முதல் எட்டு வரை, கண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் காதால் படிப்பார். வேறொருவர் வாசித்துக் காட்டுவார். பேசவும் எழுதவும் தமக்கு உதவுகிற நடையுள்ள நூல்களையே தெரிந்தெடுத்தார். சில நூல்களை ஒரு சொல்லும் தெரியாமல் விடக்கூடாது என்று நூறு தடவை வரைக்கும் வாசித்தாராம். நாம் எத்தனை புத்தகத்தை இரண்டாம் தடவை வாசித்திருக்கிறோம்?

ஏடுகளைத் தேடித் தம்முடைய ஆட்களைத் தூரத்து ஊர்களுக்கு அனுப்பி விலைக்கு வாங்கினார், பிரதி எடுத்தார். 1708-ல் அவர் எழுதின பட்டியலில் இந்துக்கள் எழுதின 119 தமிழ் நூல்களைப்பற்றிய குறிப்பு இருக்கிறது. நம்ம பிள்ளைகள் படிக்கிற கொன்றை வேந்தன், அதோடு உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தார். அதே சமயத்தில் 20,000 வார்த்தைகள் கொண்ட ஒரு அகராதியும் சேர்ந்துவிட்டது. ஒரு வரிசையில் தமிழ் எழுத்து, அடுத்ததில் உச்சரிப்பு, அதற்கடுத்து ஜெர்மன் அர்த்தம்.

சிறைச்சாலையும் வேதப்புத்தகமும்

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கவர்னர் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தான். நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் புதிய ஏற்பாடு முடிந்தது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து, 1714-15-ல் அது அச்சாயிற்று. இந்திய மொழிகளில் முதன்முதலாய் அச்சான புதிய ஏற்பாடு நம்ம தமிழில்தான். அல்லேலூயா!

1714-ல் ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழரைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். போன இடத்திலும் தமிழ் வேலை நிற்கவில்லை. 1716-ல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் லத்தீனில் அச்சானது. அடுத்துவருகிற ஊழியன் தன்னைப்போல் கஷ்டப்படக்கூடாது என்ற பாரம்! 1718-ல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் கட்டிமுடிந்தது. 1719 பிப்ரவரி 23-ல் 36-ம் வயதில் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும்தான் முடிந்திருந்தது. மீதியை ஷூல்ட்சே என்கிற ஊழியர் முடித்தார்.

அவருடைய தமிழ் குறையில்லாததா? இல்லை. நம்ம அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் ஊழியம் செய்த வீரமாமுனிவரும் இத்தாலியிலிருந்து வந்து பெரிய வயதில் தமிழ் கற்றவர்தான். அவர் தமிழில் காவியமே பாடினவர். அவர் லுத்தரன் மிஷனரிகளின் வேதாகமத் தமிழைக் கடுமையாய்க் குறை சொன்னார். சொன்னதில் உண்மையும் இருந்தது. ஆனாலும் அந்தக் குறையுள்ள தமிழிலேதான் ஜனங்கள் சுவிசேஷத்தை முதலாவது கையில் பிடித்து வாசித்தார்கள். குறையில்லாமல் பேசத் தெரிந்தபிறகு வாயைத் திறக்கலாம் என்று ஐயர் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அபிஷேகம் இருக்க, படிப்பு எதுக்கு?

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சீகன்பால்க் வந்து இருநூறு வருஷம் கழித்து, 1906-ல் அமெரிக்காவில் அசூசா தெருவில் எழுப்புதல் உண்டானது. நம்ம பெந்தெகொஸ்தே ஊழியங்களுக்கு அது ஒரு பெரிய ஊற்று. அங்கே அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார் என்ற போதகர், தமக்கு வங்காள பாஷை கிடைத்துவிட்டது என்று விசுவாசித்து மனைவியோடு கல்கத்தாவுக்கு வந்தார். வந்து பேசிப் பார்த்தால் ஜனங்களுக்குப் புரியவில்லை. அவர் சோர்ந்துபோய் அபிஷேகத்தை மறுதலித்தாரா? இல்லவே இல்லை. அந்நியபாஷை தேவனைத் துதிக்கவும் ஜெபிக்கவும் கொடுக்கப்பட்ட வரம் என்று போதித்தார். கல்கத்தாவில் இங்கிலீஷ் அறிந்த மிஷனரிகள் நடுவில் அவரைக்கொண்டு கர்த்தர் எழுப்புதலும் தந்தார்.

அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தில் நடந்ததைக் கர்த்தர் இன்றைக்கும் செய்ய வல்லவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1 கொரிந்தியர் 14-ல் பவுல் எதைப்பற்றி எச்சரிக்கிறார் என்று ஒருதரம் வாசித்துப் பாருங்கள். கேட்கிறவனுக்கு விளங்காவிட்டால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? அன்று ராத்திரி என் வாசலில் நின்ற தம்பிக்கு நடந்தது அதுதான். என் ஜெபம் தேவனிடத்தில் போயிருக்கும். அவனுக்குத் தேவைப்பட்ட பதில் அவனிடத்தில் போகவில்லை. என் சோம்பேறித்தனத்துக்கு நான் அபிஷேகத்தைப் போர்வையாய்ப் போட்டுக்கொள்ளக்கூடாது.

நான் செய்து பார்க்கிறது

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கும்போது கிரேக்க எழுத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன். பரீட்சையோடு மறந்தும் போனேன். பேச ஆள் இல்லாத பாஷை நிற்காது. ஆகவே இந்தத் தடவை ஐயருடைய வழியில் போகிறேன்.

1. வாத்தியார்: குவாரியில் வேலை செய்கிற ஒரு ஒடிசா சகோதரன் ஞாயிறு மத்தியானம் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பதிலுக்கு நான் அவருக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன்.

2. நோட்டு: மூன்று வரிசை. ஒடியா வார்த்தை, தமிழில் உச்சரிப்பு, அர்த்தம். ஒருநாளைக்கு ஐந்து வார்த்தை போதும். காலை ஜெபத்துக்குப் பின் பழையதைத் திரும்பச் சொல்கிறேன்.

3. ஒரே பகுதி: மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் மட்டும். அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். கதை முன்னமே தெரிந்ததால் அர்த்தம் தானாய்ப் பிடிபடுகிறது.

4. காது: செல்போனில் ஒடியா ஆடியோ பைபிள். பைக்கை நிறுத்திவிட்டு, ராத்திரி படுக்கப்போகும் முன் கேட்கிறேன்.

5. வெட்கம்: இதைத்தான் முதலாவது சாகடிக்கவேண்டியிருந்தது. தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் 'பாணி'யை நான் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெபத்துக்கு என்ன வார்த்தை என்று கேட்டேன். 'பிரார்த்தனா' என்றார்கள். நம்ம பிரார்த்தனைதான்! பாதி தூரம் கர்த்தர் முன்னமே நடத்தி வைத்திருக்கிறார்.

45 வயதில் வேகம் இல்லை. காலையில் படித்தது மத்தியானம் மறந்துபோகிறது, உண்மைதான். ஆனாலும் யாராவது இறந்துவிட்டார்களா, சுகமில்லையா, எங்கே போகவேண்டும் என்று இப்போது என்னால் கேட்க முடிகிறது. நான் முதலாவது கற்றுக்கொண்டது அந்தக் கேள்விகளைத்தான்.

பிரியமானவர்களே, நம்ம ரஞ்சன்குடிக் கோட்டைக்காக 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீரங்கி கொண்டு சண்டை போட்டார்கள். அதற்கு 45 வருஷத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்கார வாலிபன் கடலோரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதினான். பீரங்கிக்காரர்கள் போய்விட்டார்கள். மணலில் எழுதினவன் தொடங்கின வேலையினாலே நம்ம வீடுகளில் வேதப்புத்தகம் இருக்கிறது.

நமக்காக ஒருவர் நம் பாஷையைக் கற்றார். நம் வாசலில் நிற்கிறவனுக்காக நாம் அவன் பாஷையில் பத்து வார்த்தையாவது கற்கவேண்டாமா? ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு ஜெபவீட்டுக்கு வாருங்கள். நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் காதுகளைத் திறந்தருளும். எங்கள் பெருமையை எடுத்துப்போடும். எங்கள் வாசலுக்கு வருகிறவனை விளங்காமல் அனுப்பிவிடாதபடி எங்களுக்குக் கற்றுக்கொள்ளுகிற இருதயத்தைத் தாரும். அந்தத் தம்பியையும் அவன் தாயையும் தேற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.