டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

பிறர் துயர் தீர்க்க உழைத்தோருள் தம் உழைப்பின் பயனைக் கண்ணாரக் கண்டு மகிழ்ந்தோர் சிலரே. காணாது மறைந்தோர் பலர். அங்ஙனம் மறைந்த பெரியாருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் வாழ்க்கையையும், அவர் தந்த மருந்து இந்நாளில் அரியதொரு புற்றுநோய்க்குப் பயன்படுமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றாம்.

இவர் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் தோன்றினார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியினின்று தேறினார். இராசதானிக் கல்லூரியிற் பயின்றபின், நண்பர் உதவியால் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்தார். காந்தியடிகளின் கொள்கை தழுவி அறுவை அறையிலும் கதராடையே புனைந்தமையால் ஆசிரியர் ஒருவரது சினத்திற்கு ஆளாகி, எம்.பி.,பி.எஸ். பட்டம் பெறாது எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். அரசாங்க மருத்துவப் பணியும் கிட்டாமையின், ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்து வந்தார். இதற்கிடையே, அவருடன் பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோய் கொள்ளை கொண்டது. அத்துயர் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை.

1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மனையாளைத் தாய்நாட்டில் விடுத்துப் பாஸ்டன் மாநகரடைந்தார். எளிய ஊழியங்கள் செய்து வயிறு வளர்த்து ஹார்வர்டிற் கற்றார். சைரஸ் பிஸ்கே என்பாரொடு கூடிக் குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். உயிரணுக்களின் ஆற்றற்கு நிலைக்களமாகிய ஏ.டி.பி. என்னும் பொருளைக் கண்டறிந்தாருள்ளும் இவர் ஒருவர். எனினும் ஆங்கு நிலைத்த ஆசிரியப் பதவி கிட்டவில்லை. ஆதலின் 1940-இல் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையை அடைந்தார்.

ஆங்கு அவர் தலைமையில் போலிக் அமிலம் செயற்கை முறையில் ஆக்கப்பெற்றது. உடன்பிறந்தார் உயிரைக் குடித்த கழிச்சல் நோய்க்கு மருந்தாவது அப்பொருளே! காலம் கடந்து கிட்டிய மருந்தெனினும் பிறர்க்குக் கிட்டியது. யானைக்கால் நோய்க்குரிய டைஎத்தில்கார்பமசினும் அவர் குழுவினர் தந்ததே.

இனி அம்மருந்தின் மறுபக்கத்தை நோக்குவாம். உயிரணு பெருகுதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. அதனையே ஒத்த வடிவினதாய், பூட்டினுட் புகுந்து திறவாது நின்றுவிடும் பொய்த் திறவுகோல் போல்வதொரு பொருளை ஆக்கின் புற்றணு பெருகாதன்றோ? இவ்வாறு தோன்றியவையே அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும். பாஸ்டன் நகரத்து சிட்னி பார்பர் குருதிப் புற்றுற்ற சிறுவர்க்கு அமினோப்டெரினை அளித்து, நோய் தற்காலிகமாகத் தணிந்தமையை 1948-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே சுப்பாராவ் தம் 53-ஆம் அகவையில் உயிர் நீத்தார். தாயகம் மீளவில்லை, காத்திருந்த மனையாளைக் காணவுமில்லை.

அவர் மறைந்து பதினோராண்டு கழித்து, 1959-இல் புதியதொரு நோய் மருத்துவ நூலிற் பதிவாயிற்று. அதுவே குருதிக் குழாயக நிணநீர்ப் புற்று. எம் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் இதனை எளிதில் உணர்வர். முல்லையாற்று நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனிப் புறம் பாய்கின்றது. ஆறு நிறைய ஓடினும், கடைமடை வாய்க்காலைப் பாசி அடைப்பின் வயல் வாடும். அதுபோல இந்நோயில் புற்றணுக்கள் நுண்ணிய குருதிக் குழாய்களின் உள்ளே திரண்டு அடைக்கின்றன. ஏனை நிணநீர்ப் புற்றுக்களிற் காணும் கழுத்துக் கட்டி, அக்குட் கட்டி முதலியன பெரும்பாலும் இதில் தோன்றா. காரணம் தெரியாத காய்ச்சல், உடல் மெலிவு, தோலிற் சிவந்த தடிப்பு, அறிவு மயங்கல், கைகால் சோர்தல் ஆகியவையே குறிகள். ஆதலின் நோய் பலகால் மறைந்தே நிற்கும். மாறுபாடு காணாத தோலினின்றும் சிறு துண்டங்கள் எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தே பலரிடம் இது கண்டறியப்படுகின்றது.

மருத்துவமோ, ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தோடு வேறு நான்கனைக் கூட்டி அளித்தலாம். அந்நான்கனுள் ஒன்றாகிய வின்கிரிஸ்டின், எம் ஊர்ப் பக்கத்து வீட்டு முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியினின்று பிரித்தெடுக்கப்படுவது. (செடியை அரைத்துண்டல் நஞ்சாம்; அது மருத்துவமன்று.) ஆயினும் இம்மருந்துகள் மூளையிற் செவ்வனே புகா. நோயோ மூளையின் குழாய்களைப் பற்றுவதில் வல்லது. அவ்விடத்துக் காவலாக அமைவது, மிகுந்த அளவிற் செலுத்தப்பெறும் மெத்தோட்ரெக்சேட்டே. ஜப்பானிய மருத்துவர் 38 நோயாளரிடம் இம்முறையை ஆய்ந்து, மூளையில் நோய் மீளுதல் அரிதாயினமையை 2020-இல் வெளியிட்டனர்.

தேர்விற் பலகால் தவறியும், பட்டமும் பதவியும் மறுக்கப்பட்டும், சுப்பாராவ் தம் வேட்கையைக் கைவிட்டாரல்லர். அவர் கேட்டும் அறியாத நோயினின்றும் மக்களை இன்று காக்கின்றது அவர் உழைப்பு. மாணவ நண்பர்காள், தேர்வுத் தாளின் எண்களைக் கண்டு உள்ளந் தளரும் பொழுது இப்பெரியாரை நினைவோமாக.