பிரேத மனிதனைத் தமிழுக்குத் தந்தவர்

புதுமைப்பித்தன் என்னும் சொ. விருத்தாசலம் 1906இல் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்து, 1931இல் தமிழகத்துத் திருநெல்வேலி இந்துக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். ஆதலின் அவரும் ஓர் இந்துக் கல்லூரிப் பழைய மாணவரே என வெள்ளவத்தையிலிருந்து நாமும் சிறிது உரிமை கொண்டாடலாம்!

'மணிக்கொடி'யிற் சிறுகதைகள் எழுதிப் புகழ்பெற்ற அவர், மேரி ஷெல்லி அம்மையாரின் 'பிராங்கென்ஸ்டைன்' (1818) நாவலைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கினார். படைத்தவனின் பெயரையே படைக்கப்பட்டதற்கும் இட்டு வழங்குவார் பலர். தமிழ்த் தலைப்பில் அம்மயக்கம் இல்லை. ஆயினும் அது நமக்கு முழுநிறைவு தரவில்லை. மறைந்திருந்து மொழி பயின்று, நூல்களைக் கற்று, துணைக்கு ஏங்கிய அவ்வுயிரைப் பிரேதமென்பது எங்ஙனம்? ஆக்கியவனே அருவருத்து ஓடியதன் பின்னரன்றோ அது கொலை செய்யத் துணிந்தது!

'ராஜமுக்தி' திரைப்படத்துக்கு எழுதுவதற்காகப் புனா சென்ற புதுமைப்பித்தன், காசநோயுடன் மீண்டு, 1948இல் திருவனந்தபுரத்திற் காலமானார். அப்போது அவருக்கு வயது 42.