கல்லில்லா நாட்டில் பிறந்த கல் அறிஞர்

பொன்னி பாயும் தஞ்சைத் தரணியில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் வயல்தான். குன்றும் இல்லை, பாறையும் இல்லை. பெரிய கோயிலுக்கே கல்லை வெளியூரிலிருந்துதான் கொண்டு வந்தார்கள். நம் வீட்டு வாசலில் ஆழ்குழாய்க் கிணறு போட்டால் மேலே வருவது களிமண்ணும் மணலுமே. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த ஒருவர் இந்தியப் பாறைகளின் கதையை ஒரே நூலில் எழுதி வைத்தார் என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்தாம் டாக்டர் மகாராஜபுரம் சீதாராம் கிருஷ்ணன்.

இவர் 1898ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் பயின்றார். பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்று, 1924இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். சுத்தியலும் வரைபடமும் ஏந்திக் காடு மேடெல்லாம் சுற்ற வேண்டிய வேலை அது. ஒரிசாவின் காங்பூர் பகுதியை அவர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1937இல் வெளியாயிற்று. இந்தியா, பர்மா நாடுகளின் நிலவியலைத் தொகுத்துக் கூறும் அவருடைய பெருநூல் 1943இல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது.

ஆங்கிலேயர் 1851இல் தொடங்கிய அந்தத் துறைக்கு நூறு ஆண்டுகள்வரை இந்தியர் எவரும் தலைவராகவில்லை. 1951இல் அந்தப் பதவியை ஏற்ற முதல் இந்தியர் நம் கிருஷ்ணனே! நம் நாட்டு மண்ணை நாமே அறிந்துகொள்ளும் காலம் அன்று பிறந்தது.

ஆனால் சுத்தியல் எட்டுவது மேற்பரப்பு மட்டுமே. மேற்கு இந்தியாவில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்தது. இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை அது மூடியுள்ளது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது? அதற்கும் முந்திய படிவுப் பாறைகள் புதைந்திருக்குமா? எண்ணெய், எரிவாயு போன்ற செல்வங்கள் கிடைப்பது பெரும்பாலும் அத்தகைய படிவுகளில்தான்.

இதுபோன்ற கேள்விகளுக்கு விடை தேட, 1961இல் ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் முதல் இயக்குநரும் கிருஷ்ணன்தான். அப்போது அவருக்கு அறுபது வயதைக் கடந்திருந்தது. ஓய்வெடுக்கும் வயதில் அவர் புதிதாக நாற்றங்கால் போட்டார்!

சந்தையில் பானை வாங்கும்போது பாட்டி விரலால் சுண்டிப் பார்ப்பாரே, நில அதிர்வு ஆய்வும் அது போன்றதே. சிறு வெடி வைத்து நிலத்துக்குள் அலைகளை அனுப்புவர். அடுக்குகளைத் தொட்டுத் திரும்பும் அலைகளை ஜியோபோன் என்னும் கருவிகள் பதிவு செய்யும். அவை திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுவர். எரிமலைப் பாறையோ அலைகளில் பெரும்பகுதியை மேலேயே திருப்பிவிடும், மீதியைச் சிதறடிக்கும். அந்தப் பாறையில் அலை வேகமாகச் செல்லும். அடியிலுள்ள படிவில் மெதுவாகச் செல்லும். அதனால் பதிவில் ஓர் இடைவெளி விழுந்து, அடுத்த அலை தாமதித்து வரும். அந்தத் தாமதத்தை அளந்தே படிவின் கனத்தைக் கணிக்கின்றனர். வராத செய்தியும் ஒரு செய்திதான்!

கிருஷ்ணன் 1970இல் காலமானார். அதே ஆண்டில்தான் அவருக்குப் பத்மபூஷண் விருதும் வழங்கப்பட்டது. அந்த நிலையத்தார் காவலி முதல் உடுப்பிவரை ஆழமான நில அதிர்வு ஆய்வைத் தொடங்கியது 1972இல். பின்னர் கொய்னா பகுதியிலும் சௌராஷ்டிரத்திலும் ஆய்ந்தனர். சௌராஷ்டிரத்தில் எரிமலைப் பாறைக்கு அடியில் பழைய படிவுகள் இருப்பதைக் கண்டனர். அவற்றில் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

நமது காவிரிப் படுகையில் எரிமலைப் போர்வை இல்லை. எனவே இங்கே அலைகள் எளிதாக இறங்கிப் படிவுகளைக் காட்டின. 1964இல் காரைக்காலில் கிணறு தோண்டினார்கள். 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. ஆனால் எண்ணெய்க்கு மேலே நெல் விளைகிறது. நிலமும் நீரும் கெட்டுவிடுமோ என்று உழவர்கள் அஞ்சினர். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று அறிவது ஒரு கல்வி. அதை எடுக்கலாமா, விடலாமா என்று தீர்மானிப்பது மற்றொரு கல்வி. இரண்டும் நமக்கு வேண்டும்.

தோழியரே! பாறையைக் காணாத ஊரில் பிறந்தவர் பாறைகளை ஆண்டார். தாம் காணப்போகாத விளைச்சலுக்காகவும் உழைத்தார். நம் காலடி மண்ணைக் கேள்வி கேட்க நாமும் கற்றுக்கொள்வோமாக!