லூயி பிறெயில் (1809 – 1852)

மாணவர்களே, விழிப்புலனற்றோர் விரலால் விரைந்து வாசிக்க வழிசெய்தவர் லூயி பிறெயில் ஆவார்.

பிரான்சின் கூவ்ரே கிராமத்தில் பிறந்த இவர், மூன்று வயதில் தந்தையின் சேணப் பட்டறையில் குத்தூசி பட்டுக் காயமுற்றார். ஐந்து வயதில் இரு கண்களும் பார்வை இழந்தன. பத்து வயதில் பாரிஸ் நகரிலுள்ள விழிப்புலனற்றோர் பாடசாலையிற் சேர்ந்தார். அங்கு 1821 இல், படை அதிகாரி பார்பியே அமைத்த 12 புள்ளிக் குறியீட்டை அறிந்தார். அதன் குறை யாது? ஒரு குறி விரல்நுனியில் அடங்கவில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்ததால் வாசிப்பு மந்தமாயிற்று.

பிறெயில் புள்ளிகளை 6 ஆகக் குறைத்தார். ஒரே தொடுகையில் ஓர் எழுத்துப் புலப்பட்டது. அப்போது அவருக்கு வயது 15. 6 புள்ளிகளால் 63 குறிகள் அமையும். தமிழின் 247 எழுத்துகளையும் இவற்றால் எழுதலாம். ககரக் குறியை அடுத்து ஆகாரக் குறி வந்தால் ‘கா’ ஆகும். நன்கு பயின்றவர்கள் நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேல் வாசிப்பர்.

இம்முறையைப் பிரான்சு ஏற்றது 1854 இல். அப்போது அவர் இறந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தன. 2009 இல் முடிவுற்ற போரில் நம் வன்னியிற் பார்வையிழந்தோருக்கும் மீண்டும் வாசிக்க வழி இந்த ஆறு புள்ளிகளே.

நினைவிற் கொள்க: ஆண்டுகளை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 12 ஏன் 6 ஆயிற்று என்பதை விளக்குங்கள்.