போர்முனையில் ஒரு குருவானவர்



பிரான்சு நாட்டில் வீரச் செயல்களுக்கென வழங்கப்படும் விருதுகளில், நெப்போலியன் 1802-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய லெஜியோன் தொனேர் முதன்மையானது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1915 ஏப்ரலில், குருவா தெ கேர் எனும் போர்ச் சிலுவையும் ஏற்படுத்தப்பட்டது. இரு வாள்கள் குறுக்கிட்டு நிற்கும் வெண்கலச் சிலுவை அது. பச்சை நாடாவில் சிவப்புக் கோடுகள் ஓடும். படைத் தலைவர்களின் அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டவருக்கே அது கிடைத்தது. இவ்விரண்டையும் பெற்றவர் ஆயுதமே ஏந்தாதவர் என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறதல்லவா? அவரே முத்திப்பேறு பெற்ற தானியேல் புரோத்தியே அடிகளார்.

இவர் 1876 செப்டம்பர் 7-ஆம் நாள் பிரான்சில் லா பெர்த்தே சேன் சீர் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதில், பெரியவனானதும் என்னவாகப் போகிறாய் என்று தாயார் கேட்டபோது, பாப்பரசராகப் போவதாகச் சொன்னாராம். அதற்கு முதலில் குருவாக வேண்டுமே என்றார் தாயார். அப்படியானால் குருவாகிறேன் என்றது பிள்ளை. சொன்னபடியே 1899-இல் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தபின், 1902-இல் தூய ஆவி சபையில் சேர்ந்து, 1903-இல் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்கு மறைபரப்பாளராகச் சென்றார். ஓயாத தலைவலி அவரை வாட்டியது. 1911-இல் தாயகம் திரும்ப நேர்ந்தது.

அன்றைய பிரான்சு அரசு திருச்சபைக்கு நட்பானதன்று. துறவற சபைகளின் பள்ளிகள் பல மூடப்பட்டிருந்தன. 1905-இல் அரசும் திருச்சபையும் சட்டத்தால் பிரிக்கப்பட்டன. ஆனால் 1914-இல் போர் மூண்டபோது நம் அடிகளார் அந்த மனத்தாங்கலைப் பார்க்கவில்லை. தாமாகவே முன்வந்து 121-ஆம் காலாட்படைப் பிரிவில் ஆன்ம குருவாகச் சேர்ந்தார்.

பதுங்கு குழிகளில் சேற்றிலும் குளிரிலும் வீரர்களோடு வாழ்ந்தார். குண்டுகள் விழும் வெளியில் காயமுற்றுக் கிடந்தவர்களைத் தேடிச் சென்றார். மரிப்போருக்குப் பாவமன்னிப்பும் அவஸ்தைப்பூசுதலும் அளித்தார். ஐம்பத்திரண்டு மாதங்கள் போர்முனையில் இருந்தும் அவர் உடலில் ஒரு காயமும் படவில்லை. ஆறு முறை இராணுவ அறிக்கைகளில் பாராட்டப்பட்டார். திருச்சபையை ஒதுக்கிவைத்த அதே அரசுதான் அந்தக் குருவானவரின் மார்பில் சிலுவையைக் குத்தியது.

அப்போரில் பிரான்சு நாடு 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அத்தனை பேர் மாண்டிருக்கத் தாம் மட்டும் ஏன் தப்பினோம் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. போர் முடிந்தபின் டக்கார் ஆயர் ஜலாபேர் ஆண்டகையைச் சந்தித்தார். ஆயர் தம் கட்டளைச்செபப் புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். குழந்தை இயேசுவின் தெரேசம்மாளின் படம் அது. அதனோடு புரோத்தியே அடிகளாரின் படமும் இணைக்கப்பட்டிருந்தது. போர்க்காலம் முழுவதும் ஆயர் அவரை அந்தச் சிறுமலரின் காவலில் ஒப்படைத்திருந்தார். அன்றுமுதல் அடிகளார் தம் உயிரைத் தமக்குரியதாகக் கருதவில்லை; திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாகவே எண்ணினார்.

அக்கடனை அடைக்கும் வாய்ப்பு 1923 நவம்பரில் வந்தது. பாரீஸ் நகரின் ஒத்தேய் பகுதியில், 1866-இல் ரூசெல் அடிகளார் தொடங்கிய அனாதைச் சிறுவர் இல்லம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அப்போது அங்கிருந்த பிள்ளைகள் இருநூறு பேர்கூட இல்லை. வந்த கையோடு தெரேசம்மாளின் பெயரில் அங்கே ஆலயம் எழுப்பத் தீர்மானித்தார். அவர் புனிதையாக அறிவிக்கப்பட்டது 1925-இல்தான். ஊர் ஊராகக் கையேந்தினார். பிள்ளைகளுக்கு அச்சுத்தொழில், தச்சுவேலை போன்ற கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் பிள்ளைகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. போர்முனையில் தந்தையரின் கண்களை மூடியவர், இங்கே தந்தையற்ற பிள்ளைகளுக்குத் தந்தையானார்.

செனகலையும் அவர் மறக்கவில்லை. பல்லாண்டுகள் அவர் நிதி திரட்டிய டக்கார் பேராலயம் 1936 பிப்ரவரி 2-ஆம் நாள் அபிஷேகம் செய்யப்பட்டது. அதே மாதம் 28-ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்திற்குப் பதினையாயிரம் மக்கள் திரண்டனர். பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1984 நவம்பர் 25-இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

போர்ச் சிலுவை பெற்ற பலர் அதைப் பேழையில் வைத்துப் பாதுகாத்தார்கள். நம் அடிகளாரோ அவ்விருதுக்குப் பின்தான் தம் பெரிய வேலையைத் தொடங்கினார். யூபிலி கொண்டாடும் நாமும் இதை மனத்தில் கொள்வோம். நோயிலிருந்தோ விபத்திலிருந்தோ இறைவன் நம்மைக் காத்த நாள் ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தக் கடனை நாம் யாரிடம் செலுத்தப் போகிறோம்? நம் தெருவிலேயே தந்தையை இழந்த பிள்ளை ஒன்று காத்திருக்கக்கூடும். முத்திப்பேறு பெற்ற தானியேல் அடிகளார் நமக்காக மன்றாடுவாராக.