டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ்

பூந்தமல்லி, ஆவடிப் பக்கங்களில் விடியற்காலையில் கீரைக்கட்டு விற்போரை நாம் அறிவோம். அக்கீரையில் உறையும் ஒரு சத்தை ஆய்வுச்சாலையில் ஆக்கிக் காட்டிய குழுவின் தலைவர் சென்னையிற் கல்வி பயின்றவர் என்பதை அறிந்தோர் நம்மிற் சிலரே.

சுப்பராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிற் படித்து மூன்றாம் முறை தேறினார். சென்னை வைத்தியக் கல்லூரியிற் கதராடை உடுத்தமையால் சஸ்திர வைத்திய ஆசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். அரசாங்க உத்தியோகமும் கிட்டவில்லை. டாக்டர் லக்ஷ்மிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கலானார்.

ஸ்புரூ என்னும் கிரகணி நோய் அவருடைய சகோதரர் இருவரை மாய்த்தது. அவரையும் அது பற்றிற்று. ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார் என்பர். மருந்துச் சாற்றினுள் நோயைத் தீர்க்கும் பொருள் யாது என்னும் வேட்கை அப்போதே முளைத்திருக்க வேண்டுமென்று நாம் எண்ணுகிறோம்.

அமெரிக்கா சென்று, ஆஸ்பத்திரியில் இரவிற் கூலிவேலை செய்து, ஹார்வர்டிற் கற்றார். 1940-ல் லெடர்லி மருந்துச்சாலையை அடைந்தார். மறு ஆண்டு டெக்ஸாஸ் அறிஞர் 4 டன் ஸ்பினாச் கீரையைப் பிழிந்து, அதனின்று மிகச் சிறு அளவு சத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரையைப் பிழிந்து எத்தனை நோயாளருக்கு அளிப்பது? 1945-ல் சுப்பராவின் குழுவினர் அதனை இரசாயன முறையில் ஆக்கினர். ஸ்புரூ நோயாளரின் சோகைக்கு அதுவே மருந்தாயிற்று. (கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும் இல்லங்களில் இச்சத்திற் பெரும்பங்கு வீணாகிறது.)

அவ்வமிலத்தின் அமைப்பைச் சிறிது மாற்றவே, இரத்த அணுக்களை வளர்ப்பதற்கு மாறாகத் தடுக்கும் அமினோப்டெரின் பிறந்தது. இரத்தப் புற்றுநோயால் மடியவிருந்த குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்து, சிலர்க்குத் தற்காலிகமாயினும் நோய் தணிந்ததை 1948-ல் பார்பர் வெளியிட்டார். யானைக்கால் நோய்க்காகத் தமிழ்நாட்டில் ஊர்தோறும் வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் அக்குழுவின் ஆக்கமே. கிருமிகளைக் கொல்லும் ஆரியோமைசினை மண்ணிலிருந்து எடுத்தவர் டக்கர். சுப்பராவ் அவ்வாராய்ச்சிக்குத் தலைவர். முழுப்புகழையும் இவர்மேல் ஏற்றுதல் முறையன்று.

1948 ஆகஸ்டில், 53-ம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். கப்பலேறிய பின் தாய்நாட்டுக்கு அவர் ஒருமுறையேனும் திரும்பவில்லை. 1995-ல் இந்திய அரசு அவர் உருவுடன் தபால்தலை வெளியிட்டது.